திரையில்லாத பலகை

திரையுள்ளது இருபத்தெட்டாயிரம்.
கடைக்காரர் சொல்லி முடிக்குமுன்னே
அதன்மேலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

செக்காலை ரோட்டு ஃப்ளெக்ஸ் கடையில்
நாலு வருசமாய் மவுஸால் வரைகிறேன்:
காதுகுத்துக் குழந்தைக்குக் கிரீடம்,
காலமானவருக்கு மாலை.
எல்லாம் ஒரே தடிமன்.

மூவாயிரத்து நூறு ரூபாயில் ஒன்று இருந்தது.
பேனாவுக்கு சார்ஜ் வேண்டாம்.
வயர் மட்டும் கொஞ்சம் ஆடும்.
கை இங்கே ஓடும், கோடு அங்கே விழும்.
"பழகிடும்" என்றார்.

முதல் வேலை,
பள்ளத்தூர் சாத்தையாவுக்குக் கண்ணீர் அஞ்சலி.
ஆதார் அட்டைப் படம். மங்கல்.
மீசையை அழுத்தி ஆரம்பித்து
நுனியில் மெல்ல விட்டேன்.
அழுத்தம் குறையக் குறைய
கோடு மெலிந்தது, மயிர் போலவே.

பேனர் வாங்க வந்த மகன்
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அப்பாவுக்கு இடப்பக்கம்
இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கும்."

தூக்கினேன்.