மெய்ப்பு

செந்தூலில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
அக்டோபரிலேயே எங்களுக்கு அடுத்த வருஷம் பிறந்துவிடும்.
ராகுகாலம், குளிகை, எமகண்டம்,
மூன்று மொழியில் மாதப் பெயர்,
விடுமுறை என்றால் சிவப்பு.
பிழை பார்ப்பது நான்.
பிழையைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்பது
முதலாளி வைரக்கண்ணு முதல் நாள் சொன்னது.

இன்று ஒரு தொலைபேசி.
பூர்வகுடிகளோடு சமாதானமாகிக்கொள்ள
ஒரு நாள் வரலாமாம், விடுமுறையோடு.
அரசிதழில் இன்னும் ஏறவில்லை.
தேதியும் முடிவாகவில்லை.
"தமிழ்ல பேரை மட்டும் யோசிச்சு வை" என்றார்,
"கட்டத்துக்குள்ள அடங்கணும்."

நல்லிணக்க நாள்: தேர்தல் சுவரொட்டிப் பசை வாடை.
சமரச நாள்: தோட்டத்தை மூடிய வருஷம்
மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நீட்டப்பட்ட பேனா.
மீளிணக்க நாள் என்று எழுதி
'மீள்' மேல் பென்சிலை வைத்தபடி நின்றுவிட்டேன்.
மீண்டும் என்றால்
முன்பு ஒரு தடவை இருந்திருக்க வேண்டுமே.

மிஷினில் நிற்பவர் செனிம்.
கோம்பாக் பக்கம், தெமுவான்.
பதினொரு வருஷமாய் எங்கள் பிள்ளையார் சுழியை
அவர்தான் அச்சடிக்கிறார்.
மலாயில் கேட்டேன்: எந்தத் தேதி வைக்கலாம்?
உருளையில் ஒட்டிய தாளைப் பிய்த்தபடி சொன்னார்:
நெடுஞ்சாலைக்கு அளக்க வந்தபோது டுரியான் பூத்திருந்தது.
புல்டோசர் வந்தபோது காய்.
பழத்தை நாங்கள் பார்க்கவில்லை.
அது எத்தனாம் தேதி என்று உன் காலண்டரில் பார்.

பார்த்தேன்.
திதி இருந்தது. நட்சத்திரம் இருந்தது.
மரண யோகம் இருந்தது, மாதத்தில் நாலைந்து தடவை.

அப்புறம் அவரே கேட்டார்:
அன்றைக்கு வேலை செய்தால் டபுள் சம்பளம் உண்டா?
அச்சு மாதத்தில் வந்தால் நமக்கு ஏது லீவு.
சிரித்தார். நானும் சிரித்தேன்.
என் சிரிப்பு கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது,

கையில் முகப்புத் தாள்.
வருஷா வருஷம் நான் சரிபார்த்து அனுப்பும் வரி,
தங்க நிறத்தில், பால்மரப் படத்துக்குக் கீழே:
காட்டை அழித்து நாடாக்கிய நம்மவர்க்கு வணக்கம்.
ஒற்று சரி. புள்ளி சரி.
குளிர்காய்ச்சலில் செத்தவர்கள் கணக்கும் சரி.
கங்காணியின் பிரம்பு சரி,
யாரும் ஆசைப்பட்டுக் கப்பல் ஏறவில்லை என்பதும் சரி.
கோடரி எங்களுடையது இல்லை.
கை எங்களுடையது.

'காட்டை'க்கு முன்னால் ஒரு செருகல் குறி போட்டு
ஓரத்தில் எழுதினேன்: யாருடைய?

வைரக்கண்ணு கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார்.
"இது பிழையா, கருத்தா?"
"பிழை" என்றேன்.
"யாரோட பிழை?"
நான் பேசாமலிருக்க, அவரே
அழிரப்பரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு
சாப்பிடப் போனார்.
நான் அதைத் தொடவில்லை. அவ்வளவுதான் என் வீரம்.

இது தினமும் கிழிக்கிற காலண்டர்.
எந்தப் பெருநாளும் மறுநாள் காலை
வடை எண்ணெய் உறிஞ்சப் போகும்.
பெயர் வராத அந்த ஒரு கட்டத்தை
வெறும் சிவப்பாய் ஓட்டிப் பார்த்தோம்.
மை சரியாய்ப் பிடிக்கவில்லை.
செனிம் அந்தத் தாளை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
பிறகு நான்காக மடித்து
உருளையைத் துடைக்கத் தொடங்கினார்,
நிதானமாக,
ஓரங்களிலிருந்து.