பூதம் கடைசியாய்ச் சொல்வது

பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவே
காற்றாலைகளின் காலடியில்
பதினாலு ஏக்கர் ஜப்பான்.
கல்குவாரியை மூடிய கையோடு
ஞானதிரவியம் முதலாளி போட்டது.
உடைமரத்துக் குடைக்கெல்லாம்
இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பூக் கட்டி
வசந்தம் என்று பலகை வைத்தார்.
ஆனியில் காற்று திறந்தது.
வசந்தம் முழுக்க ராதாபுரம் போய்ச் சேர்ந்தது.
வழியில் வெள்ளாடுகள் மென்று பார்த்துத் துப்பின.
நீலமுடி நாயகன் ஜெபமணிக்கு
ஒரு கை வாளில், ஒரு கை தலையில்.

நான் பூதம்.
பேர் பிரம்மசக்தி, ஊர் லெவிஞ்சிபுரம்,
பி.எஸ்சி. இயற்பியல்,
உயரம் ஐந்தடி பத்தங்குலம்.
பெண் பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து
காப்பியைப் பாதியில் வைத்தார்கள்.
முதலாளி மட்டும் இஞ்ச் டேப்போடு வந்தார்:
"கொம்போட ஏழரை அடி வரும். நாளைக்கே வா."

ஆறு கண். அதில் ஒன்றில்தான் எனக்கு வெளிச்சம்.
முதுகில் ஜிப்பு,
போடவும் கழற்றவும் சேர்மக்கனி வேண்டும்.
வயிற்றுக்குள் பைக் பேட்டரியில் ஓடும் விசிறி
என் வியர்வையை எனக்கே ஊதும்.

ஒரு நாளைக்குப் பதினோரு சாவு.
"குத்துலே! வயித்துல குத்துலே!"
வள்ளியூர், திசையன்விளைப் பிள்ளைகள்
கணக்குப் பரீட்சைக் கோபத்தையெல்லாம்
பஞ்சு வாளால் என் முட்டியில் தீர்ப்பார்கள்.
திரையில் என் உயிர்க்கோடு
சிவந்து, சுருங்கி, துடிக்கும்.
சேர்மக்கனி பொத்தானை அமுக்குவாள்.
ஒலிபெருக்கியில் ஜப்பானிய மொழியில்
என் கடைசி வார்த்தை:
யாரோ ஒரு பெண்குரலை இழுத்துத் தடிப்பாக்கியது.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவேன்.
முதலில் அது சாபம் என்று நினைத்திருந்தேன்.
சில நாள் மன்னிப்பு.
வயிறு வலிக்கும் நாட்களில்
நல்ல கெட்ட வார்த்தை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள்,
கூட்டமில்லாத மதியம்,
காற்றாலைக்கு கியர்பெட்டி பார்க்க வந்த ஜப்பான்காரரை
ஊர் நினைப்பு தீரட்டும் என்று கூட்டிவந்தார்கள்.
சால்னா ஊற்றிய நூடுல்ஸோடு
பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார்.
நான் செத்தேன்.
அவர் சிரித்தார்.
சிரிப்பு நின்ற பிறகும்
கரண்டி வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை.

அவர் இங்கிலீஷை
டிரைவர் வடக்கன்குளத்துத் தமிழாக்கினார்:
"பூதம் ஒண்ணும் சொல்லலம்மா.
ரயில் ஸ்டேஷன் அறிவிப்பாம்.
கதவு மூடப்போவுது, ஓடி வந்து ஏறாதிய,
அடுத்த வண்டி இந்தா வந்துட்டு இருக்கு.
அம்புட்டுதான்.
இதக் கேட்டுக்கிட்டுத்தான்
பதினெட்டு வருசம் வேலைக்குப் போனாராம்."

இன்னொரு தடவை கேட்கலாமா என்றார்.
தலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன்.
முதலாளி டீசல் போடப் போயிருந்தார்.
சேர்மக்கனி என்னைப் பார்த்தாள்,
தடிப்பைக் குறைத்துப் போட்டாள்.
காற்றாலை இரைச்சலுக்கு நடுவே
யாரையும் திட்டாத ஒரு பெண்குரல்.
கொம்பில்லாமல், ஒரே ஒருவருக்காக,
அன்றைக்குப் பன்னிரண்டாவது சாவு.
நடைமேடையில் நிற்பவர் போல
அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

முதலாளியிடம் சொன்னோம்.
"இங்க எவனுக்கு வெளங்கப் போவுது?
துட்டு குடுத்து வாங்குனது, ஓடட்டும்."
இதைப் பேசிக்கொண்டு நின்றதில்
ஒன்பது பத்து பஸ் போய்விட்டது.
என் ஊருக்கு அடுத்த வண்டி
காலை ஐந்தேகாலுக்கு.

மறுநாள் முதல் ஆட்டம்.
நெஞ்சைப் பிடித்து விழ வரவில்லை எனக்கு.
குரல் தொடங்கியதும்
கொம்பைக் கொஞ்சம் சாய்த்து
ஓரமாய் ஒதுங்கி நின்றேன்,
இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு.
"பூதம் சாவமாட்டேங்கு!
துட்டத் திருப்பிக் குடுங்க!"
ஒரே கூச்சல்.
என் ஒற்றைக் கண்ணுக்கு நேரே
கண்ணாடி போட்ட ஒரு சின்னவள்
பஞ்சு வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பின்னால் திரும்பி அதட்டினாள்:

"சும்மா இரிங்கலே.
அது எங்கயோ போவப் போவுது."