கரைக்கோடு

கணக்கில் தப்பில்லை.
மூன்று தடவை போட்டுப் பார்த்தாயிற்று,
நேற்று ராத்திரி நாலாவது.

தகட்டின் இரு பக்கமும் ஆறு மில்லி வெல்டிங்,
நூற்றைம்பது நீளம்.
குறுக்கே வெட்டினால் சின்ன முக்கோணம்,
அதன் கழுத்து நாலேகால் மில்லி.
என்ன சுமை வந்தாலும்
அந்தக் கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும்.
இழுவலைக் கயிறு இரண்டு டன்.
கப்பி தள்ளித் தொங்குவதால் வருகிற வளைவையும்
விட்டுவிடவில்லை.
வந்தது எழுபத்தேழு.
தாங்கக்கூடியது நூற்றுப்பத்து.
கீழே கோடிழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அது தடைக்காலம்.
காசிமேட்டில் படகெல்லாம் கரையேறி நின்று
பெயிண்டுக்கும் கடனுக்கும் காத்திருந்தன.
கடல்காத்து ஈரம் ராடில் ஏறக்கூடாதென்று
அடுப்பில் சுட்டுச் சுட்டு எடுத்து
கிளமென்ட் பற்றவைத்தான்.
மீன் செதில் அடுக்கினது போல ஒரே சீராக.

மாசிமகத்துக்கு நாலு நாள் முன்னால்
பழவேற்காட்டுக்கு நேர்கிழக்கே
வலப்பக்கக் கை முறிந்து
கப்பி பறந்தது.
வஜ்ஜிரவேலுவுக்கு மணிக்கட்டு.
இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றிருந்தால்,
என்று ஆரம்பித்து
யாருமே முடிக்கவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலைப் பட்டறையில்
உடைந்த துண்டை என் மேசைமேல் போட்டான் கிளமென்ட்.
"நல்லா பாரு மேடம்.
நான் பத்த வச்சது அப்டியே நிக்குது.
உன் பிளேட்டுதான் பூட்ச்சி."

உண்மைதான்.
வெல்டிங் முடிந்து தகடு தொடங்குகிற விளிம்பில்,
சூடு பட்டு ஆறிய அந்த ஓரத்தில்
பிளந்திருந்தது.

துடைத்துவிட்டு விளக்கடியில் பிடித்தேன்.
ஓர் ஓரத்திலிருந்து வில் வில்லாகக் கோடுகள்,
ஒன்றுக்கு வெளியே ஒன்று,
அலை வந்து திரும்பிய பின்
ஈரமணலில் விட்டுப்போகுமே, அதே மாதிரி.
பாடத்தில் இதற்குக் கரைக்கோடு என்று பேர்.
பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.
கடைசியாகக் கொஞ்சம் இடம் மட்டும் சொரசொரப்பு:
அன்றைக்கு உடைந்தது அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம்
எட்டு மாதமாக உடைந்துகொண்டிருந்தது.

உடையாத இடப்பக்கக் கையில்
சிவப்புச் சாயம் தடவி, துடைத்து,
வெள்ளைப் பூச்சு அடித்துக் காத்திருந்தோம்.
வெளியே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக.
ஒவ்வொன்றுக்கும் கிளாசில் டீ நடுங்கியது.
வெள்ளையில் மெல்ல ஊறி வந்தது
ஒரு சிவப்பு நூல்.
அதே விளிம்பு.
கிளமென்ட் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை.

எவ்வளவு இழுக்கும் என்று கேட்டிருந்தேன்.
எத்தனை தடவை என்று கேட்கவில்லை.

மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டேன்.
வஜ்ஜிரவேலு சிரித்துவிட்டார்.
"அல ஓஞ்சி தல முழுவுறவன் உண்டா?
அதுபாட்டுக்கு இழுக்கும், உடும், இழுக்கும்.
அத்தப் போயி எவன் எண்ணுவான்?"

நான் எண்ணினேன்.
தூண்டில் வளைவுப் பாறைமேல், செல்போன் கடிகாரத்தோடு.
ஏழு நொடிக்கு ஒன்று.
நாளைக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.
மாதம் இருபது நாள்.
எட்டு மாதத்தில் இருபது லட்சத்துக்குப் பக்கம்.
பாறைமேல் சூடு தாங்காமல் எழுந்து நின்று
அதையும் இன்னொரு தடவை பெருக்கினேன்.

"ஒன்பது மில்லியா ஏத்திடவா?" என்றான் கிளமென்ட்.
வேண்டாம். பருமனில் இல்லை விஷயம்.
கூடப் போட்டால் கூடச் சூடு, கூட முறுக்கம்.
தகட்டை அகலமாக்கி, மூலையைச் சரிவாக வெட்டி
புதிதாய் வரைந்து கொடுத்தேன்.
வெல்டிங் தகட்டைத் தொடுகிற விளிம்பை
விரல் ஓட்டினால் தட்டாதபடி கிரைண்டரில் இழை என்றேன்.
தன் செதில்களின் ஓரத்தைத் தானே தேய்க்க
முகம் சுளித்தான்.
ஆனாலும் தேய்த்தான்.

படகுக்காரர் தேசிங்கு வந்து குனிந்து பார்த்தார்.
"இனிமே உடையாதில்லம்மா?"

உடையும் என்றேன்.
பதினோரு வருஷம் கணக்கு வருது.
ஆறாவது வருஷமே கழற்றிடணும்.
நடுவில் தடைக்காலந்தோறும் சாயம் அடித்துப் பார்க்கணும்.

நல்ல நாளும் அதுவுமாய்
படகின்மேல் நின்று சொல்கிற பேச்சா என்று பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
இடுப்பு மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து
இரண்டு கையிலும் குங்குமம் வைத்தார்.
எங்கே வைப்பதென்று நான் சொல்லவில்லை.
விளிம்பிலேயே வைத்தார்.