வேறுபாட்டுக்குக் காரணம்

வாங்கியது ஆயிரத்து இருநூறு லிட்டர்.
கழிவு லாரி ஏற்றிப் போனது எழுநூற்று எண்பது.
மீதி எங்கே என்று கேட்கிறது படிவம்,
நான்காம் பக்கம், ஏழாம் கட்டம்,
இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டு.

துவாஸில் இந்தப் பட்டறைக்கு
பதினோரு வருடமாய் ஸ்டோர் கணக்கு நான்.
திருகாணி ஒன்று குறைந்தால் தூக்கம் வராது எனக்கு.
வருடம் நானூற்று இருபது லிட்டர் குறைய
நன்றாகத்தான் தூங்கியிருக்கிறேன்.

திருடு போகவில்லை. கேட்டில் கேமரா இருக்கிறது.
கசியவும் இல்லை. தொட்டியைச் சுற்றித் தரை காய்ந்தே கிடக்கும்.
மூடியைத் திறந்தால் ஒரு தித்திப்பு மட்டும் எழும்,
பழுத்த எதையோ பக்கத்தில் யாரோ நறுக்குவதுபோல்.
கிரீஸ் படிந்த வால்வுகளை அதில் முக்கி எடுப்பவர் மாசிலாமணி,
என்னோடு அதே வருடம் சேர்ந்தவர்.
முதலாளி டியோவுக்கு அந்தப் பெயர் நீளம்.
வெட்டி, "மாசு" என்று கூப்பிடுவார்.
பொருள் சொல்ல நானும் முயன்றதில்லை.

ஆய்வுக்கு வந்த நூருல் ஃபர்ஹானா யாரையும் அதட்டவில்லை.
அடுத்த உரிமத்துக்கு முன்
மாற்று என்னவென்று எழுதித் தரச் சொன்னார்.
"வெந்நீரும் காரக் கரைசலுமா? நாலு நிமிட வேலை
இருபது நிமிடமாகும்" என்றார் டியோ.
"அந்த இருபதையும் எழுதுங்கள்."

போகும்முன் தொட்டியருகே நின்று ஒரே கேள்வி கேட்டார்.
நான்தான் மொழிபெயர்த்தேன்:
குடித்தால் உங்கள் முகம் சிவக்கிறதா?
"ஐயோ, நான் தொடுவதே இல்லை மேடம்!"

சாயங்காலம் கார்டு தட்டும் இடத்தில் மெதுவாய்ச் சொன்னார்:
சனிக்கிழமை தேக்காவில் அரை டம்ளர் பீர்,
முகமெல்லாம் திட்டுத் திட்டாய்ச் சிவந்துவிடும்,
மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று அறையில் சிரிப்பார்கள்.
"அந்தம்மாவுக்கு எப்படிக்கா தெரியும்?"

அன்றிரவு ஏழாம் கட்டத்துக்கு வந்தேன்.
ஆங்கிலத்தில் எழுத வேண்டியதை
மனசு தமிழில் சொல்லிப் பார்த்தது:
ஆவியாகிப் போனது.
பென்சில் அங்கேயே நின்றது.
யாருடைய ஆவி?

புது இயந்திரம் மார்ச்சில் வந்தது.
உடனே துடைக்காவிட்டால் வால்வில் துரு பூக்கிறது.
டியோ திட்டுகிறார், ஹொக்கியனில்,
மின்கட்டணத்தையும் சேர்த்து.
டிரம்கள் நின்ற இடத்தில் வட்ட வட்டமாய்த் தடம்,
எந்த சோப்புக்கும் போகவில்லை.

ஒரு திங்கட்கிழமை மாசிலாமணி கைப்பேசியை நீட்டினார்.
காலி டம்ளர். பக்கத்தில் அவர் முகம்,
அவர் முகத்தின் நிறத்திலேயே.
"முழு டம்ளர்க்கா! ஒன்னுமே ஆகலை."

இந்த வருடம் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
பக்கத்தில் கால்குலேட்டர்,
நானூற்று இருபதைப் பதினொன்றால் பெருக்கிவிட்டு
அணையாமல் கிடந்தது.
படிவம் கேட்பது ஓராண்டுக் கணக்குத்தான்.