வெறுந்தட்டு

கிம்பியில் காப்பிக்கொட்டை நிறுப்பது என் வேலை.
மூட்டைக்குள் எவனாவது கல் போட்டிருந்தால்
தூக்கும்போதே தோள் சொல்லிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெபெலே அதிகாரி வந்து
சபையின் சாவியைக் கேட்டார்.
ஆயாந்து எடுத்துக் கொடுத்தாள்,
ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
தவணைக்கு முன்பே வரி கட்டுகிறவள்,
சாலை போட ஆள் கூப்பிட்டால்
மண்வெட்டியோடு முதலில் நிற்கிறவள்.
"சுவர்தானே, வைத்துக்கொள்ளட்டும்" என்றாள்.
அவ்வளவுதான்.

மறுநாள் கூட்டம்.
எல்லாவற்றுக்கும் மேலே புரட்சி என்று
இடக்கை முஷ்டியை உயர்த்திச் சொல்ல வேண்டும்.
ஊரே உயர்த்தியது.
நானும்.
ஆளுகிறவர்களுக்கு அடங்கி நட என்றுதானே
அப்போஸ்தலனும் சொன்னான் என்று
கை மேலே போகிறபோதே
காரணம் ஒன்று தயாராக வைத்திருந்தேன்.

அவள் கை சால்வைக்குள்ளேயே இருந்தது.
"கேட்டதெல்லாம் தந்தேன், ஐயா.
இனியும் தருவேன்.
அந்த 'மேலே' மட்டும் என்னுடையதில்லை.
எப்படித் தர?"

சேவல் ஒன்றும் கூவவில்லை.
மாவு மில்லின் எஞ்சின்தான்
எப்போதும்போல இரைந்துகொண்டிருந்தது.

பதினொரு மாதம்.
இரவுதோறும் என்னை நானே நிறுத்துப் பார்த்தேன்.
ஒரு தட்டில் அந்தக் கை.
மறு தட்டில்
நான் கொடுத்த தசமபாகம், பாடின பாட்டு,
முழங்காலின் காய்ப்பு,
அவள் பிள்ளைகளுக்குப் பின்வாசல் வழியாக
இருட்டில் சேர்த்த மாவு.
தட்டு அசையவே இல்லை.
மாவைக் கூட்டிப் பார்த்தேன்.
அப்போதும் இல்லை.

வந்தாள். முன்பல் ஒன்றைக் காணோம்.
கிடங்கில், மூட்டைகளுக்கு நடுவே,
மன்னிப்புக் கேட்க நான் வாய் திறக்குமுன்,
"தெர்ஃபாசா, மூன்றாம் மாதம்
நானும் தூக்கினேன்" என்றாள்.
"பிள்ளைகளுக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.
ஒரு கம்பளிக்கு.
குளிர்."

எடைக்கல்லாக அவளை வைத்தல்லவா
இத்தனை நாள் என்னை நிறுத்தேன்!
கல்லே எடை குறைந்துபோனால்
எதைக்கொண்டு எதை நிறுப்பது?
வாசலில் தொங்கிய தராசு
காற்றுக்குச் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

"கம்பளி கதகதப்பாகத்தான் இருந்தது" என்றாள் பிறகு.
"அதற்குள் முடங்கிக்கொண்டுதான்
கையில் ஒன்றும் இல்லாமல்
முதன்முதலாக அவரிடம் பேசினேன்.
அதுவரைக்கும்
ஏதாவது கொண்டுபோய் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், பார்.
அவர் முகத்தையே பார்த்ததில்லை.
நம்பு என்றார். நம்பினேன்.
வேறென்ன இருந்தது என்னிடம்?"

அவள் கொண்டுவந்த ரொட்டியில் இன்னும் சூடு இருந்தது.
வலக்கையில் விளக்கு.
இடக்கையால் வாங்கினேன்,
மேலே போன அதே கையால்.
மரியாதையில்லை என்று அவள் சொல்லவில்லை.

ஊரடங்குக்குக் கால்மணி நேரம்.
சட்டம் சட்டம்தான்.
விளக்கை ஊதி, கதவைப் பூட்டி,
ஆளுக்கொரு பக்கமாய் வேகமாக நடந்தோம்.

சபைச் சாவிக்கான ரசீது இன்னும் அவளிடம் இருக்கிறது.
தேதி, முத்திரை, கையெழுத்து,
எல்லாம் சரியாக.