பத்து முதல் நான்கு வரை

எண்கோணம் என்னுடையது.
கணினியில் எட்டுப் பக்கமும் சமமாய் வந்த அன்று
உதவிப் பொறியாளர் டீ வாங்கித் தந்தார்.
நடுவில் நீரூற்று, சுற்றிச் சிவப்புக் கல் பாதை,
பக்கத்துக்கு இரண்டாகப் பதினாறு பெஞ்சு,
ஒரு சிமெண்ட் மான், கொம்போடு.
பாளையங்கோட்டை, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் பின்னால்
நாற்பது சென்ட்.

ஆறாம் மாதம் புகார் வந்தது:
புல்லின் குறுக்கே யாரோ நடக்கிறார்கள்.
கம்பி கட்டினோம். வெட்டினார்கள்.
செம்பருத்தி நட்டோம். வேலி முழுக்கத் தழைத்தது,
ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் வரவேயில்லை.
"யாருன்னு பாத்துட்டு வாங்க" என்று
என்னையே அனுப்பினார்கள்.
சித்திரை மாதம், ஒரு வாரம்,
கட்டம் போட்ட நோட்டோடு.

காலை ஏழு பத்து.
தூக்குச்சட்டி, ஃபிளாஸ்க், பிரசவ வார்டுக்கு வெந்நீர்.
பெண்கள் முப்பத்தொரு பேர். எல்லோரும் குறுக்கே.
சுற்றிப் போனால் அறுபத்து நாலு மீட்டர்,
குறுக்கே நாற்பத்திரண்டு.
வெந்நீருக்கு அது தெரிந்திருக்கிறது.

எண்கோணத்தில் நடந்தவர்கள் ஒன்பது பேர்.
எங்கும் போய்ச்சேர வேண்டாதவர்கள்,
காதில் ஒயரோடு.

மானின் கொம்பில் குழந்தைத் துணி காய்ந்தது.
அந்தக் கொம்பை நான் அழகுக்கு வரைந்திருந்தேன்.

பத்துக்குப் பூட்டி நாலுக்குத் திறக்க வேண்டும்.
வாசல் பலகையில் இருக்கிறது, நான் தேர்ந்த எழுத்தில்.
பத்துக்கு மேல்தான் வெயில் உச்சியில் குத்துகிறது.
பத்துக்கு மேல்தான் டாக்டர் ரவுண்ட்ஸ் என்று
கூட இருக்கிறவர்களை வெளியே அனுப்புகிறார்கள்.

சுரண்டை உலகம்மாள்,
மருமகனுக்குக் கால் முறிந்து பதினெட்டு நாள்:
"பெஞ்சு நல்லாத்தான் இருக்கு தாயி.
உக்காந்தா வெந்துருமே."
வாகை நிழல் நகர நகர
நாலு சாக்கும் ஒரு பூப்புனித நீராட்டு விழா ஃபிளெக்ஸும்
கூடவே நகர்ந்தன, பேச்சு அறுபடாமல்.
ஒன்றேகாலுக்கு மேலப்பாளையம் பீர்மைதீன்
ஆட்டோவை வெளியே விட்டுவிட்டு வருவார்.
வேம்புக்கும் சுவருக்கும் நடுவில் பதினோரு நிமிடத் தூக்கம்.
எழுந்ததும் துண்டை உதறி, என்னைப் பார்த்து,
"எளுதியாச்சா?"

ஒன்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.
ஆஸ்பத்திரியிலிருந்து அழ வருகிறவர்கள்
சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள்.
பதினாறு பெஞ்சையும் நான்
நீரூற்றைப் பார்க்க வைத்திருந்தேன்.
ஒரு வாரத்தில் ஏழு பேர்.
அதற்குக் கட்டம் இல்லை. 'இதர' என்று போட்டேன்.

புது வரைபடத்தில் கோடு குறைவு, அழித்தது அதிகம்.
தேய்ந்த தடம், அது வளைந்தபடியே.
ஆறு பெஞ்சு பெயர்த்து வாகைக்குக் கீழே,
இரண்டு சுவரைப் பார்த்து.
ஒரு குழாய். துணி காயப்போட ஒரு கம்பி.
மற்றதெல்லாம் இருக்கிறபடி விடவும்.

மதிப்பீட்டில்தான் இடித்தது.
விலைவிகிதப் பட்டியலில்
கல் பதிக்க உண்டு, பெயர்க்க உண்டு,
புல் நட உண்டு, முள்கம்பி உண்டு.
இருக்கிறபடி விட, சதுர மீட்டருக்கு எவ்வளவு?
மேலதிகாரி சிரித்துவிட்டுக் கோப்பை வைத்துக்கொண்டார்.
ஆடிக் காற்று வந்துவிட்டது.
கோப்பு இன்னும் வரவில்லை.

அறிக்கையில் எழுதாதது இது.
காவலாளி மந்திரமூர்த்தி சரியாகப் பத்துக்கு
சங்கிலியை இழுத்து, பூட்டை மாட்டி,
தெருவுக்கே கேட்க ஒரு ஆட்டு ஆட்டுவார்.
பூட்டு தொங்கும். தள்ளினால் கதவு திறக்கும்.
"பூட்டிட்டேம்லா" என்றார் முதல் நாளே, என் நோட்டைப் பார்த்து.
"ஆமா" என்று குறித்துக்கொண்டேன்.

"கம்பிய வெட்டுனது யாருண்ணே?"
அவர் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு தூருக்கும் நின்று, நிதானமாக.
அந்த ஒரு ஆள் அகலம் வந்ததும்
குழாயை மடக்கிப் பிடித்து,
தாண்டி,
அடுத்த செடிக்குப் போனார்.