நாற்பத்தொன்றாம் பெட்டி

ஹாக்கி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு
மரமேறும் கிழவியைப் பார்த்து
யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.
கீற்றாந்தை குறிவைப்பது கண்ணை.
ஏணியைப் பிடித்திருக்கும் தைஸ்டோவின் கன்னத்தில்
நான்கு நகமும் தனித்தனியாய்த் தெரியும்.

ஹாமே காட்டில் இரண்டு ஆந்தைகள்.
இரண்டுக்கும் ஒரே கறுத்த கண்,
ஒரே வட்ட முகம்.
புதிதாய் வருபவர்கள் கேட்பார்கள், எப்படிப் பிரிப்பது?
வாலைப் பாருங்கள் என்பேன்.
கீற்றாந்தைக்கு நீளம்,
அவசரத்தில் உள்ளே செருக மறந்த சட்டைபோல
பறக்கையில் பின்னால் தொங்கும்.
தோப்பாந்தை உருண்டை.
சாம்பலிலும் உண்டு, பழுப்பிலும் உண்டு.
பனி கனத்த வருடம் பழுப்புதான் முதலில் சாகும்.

இருட்டில் வால் எங்கே தெரியும்?
தோப்பாந்தையின் கூவல்
குளிரில் நடுங்கும் பல்போல் நடுங்கும்.
கீற்றாந்தை ஒன்று சொல்லிவிட்டு நிறுத்தும்.
நீங்கள் ஒரு தீக்குச்சி கிழித்து அணைக்கலாம்.
பிறகுதான் மீதியைச் சொல்லும்.

எலி இல்லாத வசந்தத்தில்
கீற்றாந்தை முட்டையிடாது,
பெட்டிக்குப் பக்கத்தில்
வருடத்தைச் சும்மா உட்கார்ந்து கழிக்கும்.
தோப்பாந்தைக்குக் கணக்கு வராது.
தவளை, மண்புழு, தோட்டத்துக் குருவி,
கிடைத்ததை நம்பி நான்கு இடும்.
எனக்கு எதைப் பிடிக்கும் என்று
தைஸ்டோ கேட்டதில்லை. தெரியும் அவனுக்கு.

மே கடைசி.
நாற்பத்தொன்றில் இந்த முறை கீற்றாந்தை.
தாய் இரண்டு தடவை மோதிவிட்டுப் போனாள்,
ஹெல்மெட்டுக்குள் மணியடித்தது.
குஞ்சுகளுக்கு அடியில்
எலும்பும் மயிரும் கலந்த குப்பையில்
விரலில் தகரம் தட்டியது.

துடைத்தேன்.
மூன்று வருடம் முன்பு,
இதே பெட்டியில், ஒரு பழுப்புப் பெண்.
வளையம் மாட்டும்போது
என் கட்டைவிரலைக் கடித்தாள்.
நகம் இன்னும் நேராய் வளரவில்லை.

"எத்தனை, அவுலிக்கி?"
கீழிருந்து தைஸ்டோ.

மூன்று என்றேன்.

பழைய வளையத்தைக் கையுறைக்குள் போட்டுக்கொண்டேன்.
நோட்டில் 'சாவின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு,
அதை வீட்டில் போய் எழுதலாம்.
முதல் குஞ்சை எடுத்தேன்.
வயிறு கனத்தது, நன்றாய்த் தின்றிருக்கிறது.
கால் சூடாக இருந்தது.
இடுக்கியை அழுத்தினேன்.